வாரத்துக்கு இரண்டு வீடு

எங்கள் பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. ஒரு மணி நேரம் இருந்தார். அதற்கு மேல் ஐந்து நிமிடம்கூட இல்லை. நான்கு வருடம் எங்கள் ஊர்க் கோவிலில் இருந்த மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் "ரொம்பக் கறாரான ஆளோ" என்கிறார்கள். கறார்தான். ஆனால் அந்த நான்கு வருடமும் எங்கள் ஊர் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வகுப்பில் பாடம் நடத்தும்போது உதடு துடிக்கிறது.

ஆள் குள்ளம். உருண்டையான உடம்பு. அங்கி எப்போதும் முன்பக்கம் தூக்கியும் பின்பக்கம் தரையில் புரண்டும் இருக்கும். சிரிப்பு வந்தால் முதலில் சத்தமே வராது. தோள் இரண்டும் குலுங்கும், பிறகு கண்ணில் தண்ணீர் நிற்கும், எல்லாம் முடிந்த பிறகு விக்கல் மாதிரி ஒரு சத்தம் வெளியே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வாசகம் வாசிக்க வந்த பெரியவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, 'பவுல் கொரிந்தியருக்கு எழுதிய' என்பதை 'பவுல் கொரியருக்கு எழுதிய' என்று கம்பீரமாக வாசித்துவிட்டார். பீடத்தில் உட்கார்ந்திருந்த சாமியார் பூசைப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் ஆடியது. முன்வரிசைப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். அப்புறம் கோவிலே சிரித்தது. பெரியவர் மட்டும் ஒன்றும் புரியாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினார்.

தேவகோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் ஊர். நான் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்போது அப்பா வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக என்னைப் பங்குப் பேரவையின் செயலாளராகப் போட்டிருந்தார்கள். கோவில் காரியங்களைச் சாமியாரோடு உட்கார்ந்து பேசுகிற பத்துப் பேர் கொண்ட குழு அது.

வருடா வருடம் ஆயர் இல்லத்திலிருந்து, அதாவது பிஷப் அலுவலகத்திலிருந்து, ஒரு படிவம் வரும். 'இவ்வாண்டின் மேய்ப்புப் பணிக் குறிக்கோள்கள்' என்று தலைப்பு, கீழே பன்னிரண்டு கோடுகள். பன்னிரண்டையும் நிரப்பி அனுப்புவது என் வேலை. எல்லா வீடுகளையும் சந்திப்பது, பிரிந்து போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவது, இளைஞர்களை நெறிப்படுத்துவது என்று அழகாக எழுதுவேன். புதிய சாமியார் வந்த வாரத்தில் அந்தப் படிவம் வந்தது. பழைய நகல்களைக் கேட்டார். கொடுத்தேன்.

"போன வருஷமும் இதே பன்னெண்டா டீச்சர்?"

"அதுக்கு முந்தின வருஷமும் இதேதான் சாமி. வருஷத்தை மட்டும் மாத்துவேன்."

அவர் தோள் குலுங்குவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பேரவை கூடியது. ஆளுக்கு ஆள் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். அரிசி மில் வைத்திருக்கும் சவரிமுத்து அண்ணன்தான் பேரவைக்குத் துணைத் தலைவர். சலவை வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாசம் ஒரு தடவை எல்லா வீட்டுக்கும் சாமி வரணும். அதான் மக்களோட எதிர்பார்ப்பு" என்று ஆரம்பித்தார். அப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு தெருவில் செபக் கூட்டம், சண்டை போட்டுப் பிரிந்த தம்பதிகளுக்கு ஆலோசனை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, கிளைக் கிராமம் மூன்றுக்கும் வாரம் இரண்டு பூசை. இரண்டு பக்கம் நிறைந்தது. யாரும் எதையும் விட்டுவைக்கவில்லை.

"டீச்சர், இதையெல்லாம் செஞ்சா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆகும்னு கூட்டிச் சொல்லுங்க" என்றார்.

அங்கேயே கூட்டினேன். இரண்டு தடவை கூட்டினேன். "முப்பத்தோரு மணி நேரம் சாமி. சாப்பாடு, தூக்கம் சேர்க்கல."

அவ்வளவுதான். அங்கிக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சவரிமுத்து அண்ணனைத் தவிர எல்லோரும் சிரித்தோம். மூச்சு திரும்பியதும் என் பேனாவை வாங்கி இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். படிவத்தை இழுத்து மூன்று கோட்டில் மூன்று வரி எழுதினார். வாரத்துக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு மணி நேரம். உடம்பு முடியவில்லை என்று கூப்பிட்டால் அன்றைக்கே. ஒரு நாளைக்கு ஒரு பெயர்.

"மிச்ச ஒம்பது வரி?" என்றார் சவரிமுத்து அண்ணன்.

"காலியா இருக்கட்டும்ணே. பொய் எழுதறதுக்குக் காலியா விடுறது நல்லதுல்ல?"

அந்த மூன்றாவது குறிக்கோள்தான் எங்களை முதலில் அசத்தியது. காலையில் யாராவது ஒருவரை நிறுத்திப் பெயர் கேட்பார். அன்றைக்கு முழுக்க அந்த ஆள் அவருடைய சொத்து. பால் சொசைட்டியில் "அருளாயி" என்பார், பஸ் ஸ்டாப்பில் "அருளாயி" என்பார், அருளாயி தண்ணீர்க் குடத்தோடு கோவிலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து "அருளாயி" என்று குரல் வரும். மறுநாள் அடுத்த ஆள். மாட்டிக்கொண்டவர்கள் வெட்கத்தில் சுற்றுப்பாதையில் வீட்டுக்குப் போனார்கள். ஒரே வாரத்தில் நான்கு ஆரோக்கியசாமி கிடைத்தபோது, "இந்த வாரம் எனக்கு மெனக்கெடே இல்ல டீச்சர்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். ஆனால் ஒரு தடவை படித்த பெயரை அவர் மறந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வீடு என்பதுதான் ஊருக்குச் செரிக்கவில்லை. கிளைக் கிராமங்களையும் சேர்த்து முந்நூற்று எண்பத்தேழு வீடு. ஒரு சுற்று முடிய மூன்று வருடம் ஒன்பது மாதம் என்று நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அதற்காக என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். முந்தைய சாமியார்கள் எல்லோரும் எல்லா வீட்டுக்கும் வருவதாகச் சொன்னவர்கள். அதில் பாதிப் பேர் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை. அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. வருவேன் என்று கணக்கோடு சொன்ன இவர்மேல்தான் கோபம். சவரிமுத்து அண்ணன் ஆயருக்கே நான்கு பக்கம் எழுதினார்.

யார் வீடு முதலில் என்று சச்சரவு வந்ததும், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போடச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் படியில் நின்று இரண்டு சீட்டு எடுப்பார். ஒரு தடவை வந்த வீடு சுற்று முடியும் வரை மறுபடி கிடையாது. அதன் பிறகு எங்கள் கோவிலில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. பிரசங்கத்தின்போது வெளியே போய் நிற்கும் ஆண்கள்கூட முடிவு வரைக்கும் உள்ளே இருந்தார்கள். பிற மதத்துக்காரர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். கோவிலுக்கு அடுத்த வீட்டு டிராக்டர் டிரைவர் கருப்பையா வேடிக்கையோடு நிற்கவில்லை. தன் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, யாரும் பார்க்காத நேரத்தில் டின்னுக்குள் போட்டுவிட்டார்.

மூன்றாவது வாரமே அது வந்தது. சாமியார் சீட்டைப் பிரித்து "கருப்பையா" என்று வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். படிக்கட்டில் எல்லோரும் கருப்பையாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு நம்ம ஆளு இல்லையே சாமி" என்றார் சவரிமுத்து அண்ணன். ஆறாவது சீட்டிலும் தன் பெயர் வராத ஆத்திரம் அவருக்கு.

"சீட்டு நம்ம டின்னுல தானே இருந்துச்சு" என்றார் சாமியார். "கருப்பையா, செவ்வாக்கிழமை நாலு மணி. வீட்ல இருப்பீகளா?"

கருப்பையா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "இருப்பேன் சாமி. நான் சும்மா ஒரு இதுக்குத்தான் போட்டேன்" என்றார். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குச் சாமியார் அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து கடலை உடைத்தார். ஐந்து மணிக்கு எழுந்து போய்விட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசினார் என்று ஊரே கேட்டது. கருப்பையாவின் மனைவி, "என்னத்த பேசுனாரு. நான்தான் பேசுனேன். அவரு உடைச்சாரு. பாதியைத் தின்னுட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னும் சிலர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். உடம்பு முடியாதவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள், கூப்பிட்டால் அன்றைக்கே வருவார் அல்லவா? மழைக்காலம் பிறந்ததும் ஊரில் திடீர் திடீரென்று நோய் கண்டது. ஒருநாள் லூர்து என்ற எங்கள் தெருப் பெண், மாமியாருக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் போட்டாள். சாமியார் நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. லூர்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மாமியார்க்காரி தலையில் விறகுக் கட்டோடு கொல்லை வழியாக வந்து சேர்ந்தாள்.

"என்ன சாமி, யாருக்கு முடியல?"

சாமியார் சிமிழைப் பிடித்தபடி, "உங்களுக்குத்தாம்மா" என்றார்.

அவள் விறகை இறக்கினாள். மருமகளைப் பார்த்தாள், சாமியாரைப் பார்த்தாள். "எனக்கா? எம்புட்டு நேரமா இழுக்குதாம்?"

"அரை மணி நேரமாம்."

"வந்தது வந்துட்டீக. மூட்டு வலி இருக்கு. அதுக்குப் பூசிட்டுப் போங்க."

பூசினார். செபம் சொல்லி முடிக்கும் வரை முகத்தை எப்படியோ இறுக்கி வைத்திருந்தார். திரும்பும்போது கண்மாய்க் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கிச் சிரித்தார். நானும் இறங்கிச் சிரித்தேன். வழியில் வந்த ஆடுகள் ஒதுங்கிப் போயின.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், அவராகவே சொன்னார். "நான் முதல்ல இருந்த ஊர்ல எல்லார்க்கும் வர்றேன்னு சொல்லுவேன் டீச்சர். ஒரு அம்மா, படுக்கையில இருந்தாக. நாளைக்கு வர்றேன்னு சொன்னேன். நாலு நாள் கழிச்சுப் போனேன். அடக்கம் முடிஞ்சிருச்சு. எனக்குப் போட்டு வச்ச நாற்காலி அப்படியே இருந்துச்சு, மேல ஒரு துண்டு விரிச்சு." ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். "பொய்யின்னு தெரிஞ்சா கூப்பிட்டாக்கூட நான் வரத்தான் செய்வேன். அந்த ஒண்ணுல விளையாட முடியாது." ஸ்கூட்டரை உதைத்தார்.

எங்கள் வீட்டுச் சீட்டை நான் டின்னில் போடவே இல்லை. அப்பா கோவில் படி மிதித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீடு புதிதாகக் கட்டிய வருடம், திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வரும் என்று அப்போதைய சாமியார் சொல்லியிருந்தார். அப்பா வாசலில் பந்தல் போட்டு, பூவும் மெழுகுவத்தியுமாகச் சொந்தக்காரர்களோடு காத்திருந்தார். மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்று சப்பரம் தெருமுனையிலேயே திரும்பிவிட்டது. அடுத்த வருடம் நிச்சயம் என்றார்கள். அடுத்த வருடமும் திரும்பியது. அன்றைக்கு விட்டவர்தான். எந்தச் சாமியாராவது வீட்டுப் பக்கம் வந்தால் வயலுக்குப் போய்விடுவார்.

நான் போடாத சீட்டை அம்மா போட்டிருக்கிறாள். இரண்டாவது வருடம் ஆடி மாதம் அது வந்தது. சாமியார் என் அப்பா பெயரை வாசித்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"வரட்டும். நான் மோட்டார்ப் பக்கம் இருப்பேன்" என்றார் அப்பா.

வந்தார். அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணன் எங்குட்டு இருக்காக?" என்று கேட்டுவிட்டு நேராக வயலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா போர்வெல்லில் இருந்து குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். அடியில் மோட்டார் பழுது. தனியாக இழுக்கக் கூடிய கனம் இல்லை அது. சாமியார் அங்கியைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிவிட்டு, பனியனும் பேண்ட்டுமாக மறுபக்கம் நின்று குழாயைப் பிடித்தார். அப்பா அவரைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இழுத்தார்கள். ஐம்பது நிமிடம் ஒரு பேச்சு இல்லை. குழாய் ஒவ்வொன்றாக மேலே வந்தது.

கடைசிக் குழாய் பாதி வந்திருந்தபோது சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழாய் உள்ளே நழுவாதபடி கிடுக்கியை நன்றாக இறுக்கி நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு அங்கியை எடுத்தார்.

"நேரமாச்சுண்ணே. வர்றேன்."

அப்பா பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு சாமியாரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இதைப் பாதியில விட்டுட்டு எங்க போறீக?"

"ஒரு மணி நேரந்தான் சொல்லியிருந்தேன். அஞ்சு மணிக்கு இன்னொரு வீட்ல காத்துருக்காக."

போயே போய்விட்டார். அப்பா வரப்பில் நின்று அவர் போன திசையையே பார்த்தார். "என்ன மனுசன் ஆத்தா இந்தாளு. இன்னும் அஞ்சு நிமிசம் இருந்தா என்ன கொறஞ்சு போகுது?" என்று என்னிடம் கத்தினார். அன்று முழுக்கச் சாமியாரைத் திட்டினார். சாப்பிடும்போது திட்டினார். மறுநாள் ஆள் வைத்து மோட்டாரை எடுக்கும்போதும் திட்டினார். நடுவில் ஒருமுறை, தன்னையறியாமல், "ஆனா கிடுக்கி போடத் தெரிஞ்ச ஆளுதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் கோவிலில் இருக்கிறேன். சீட்டு எடுக்கும் நேரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வருகிறார். சலவை வேட்டி. கையில் ஒரு சீட்டு.

"இந்தாங்க. என் பேரு. திரும்பப் போடுங்க."

"உங்க வீடு முடிஞ்சிருச்சுண்ணே. இனி அடுத்த சுத்துலதான்."

"நீங்க முடிக்காமப் போனது எப்படி முடிஞ்ச கணக்காகும்?"

"ஒரு மணி நேரம்னு சொன்னேன். ஒரு மணி நேரம் இருந்தேன்ல?"

சொன்னபடி செய்துவிட்ட ஒரு ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகினார். "அப்ப நான் வாராவாரம் வந்து கேப்பேன்" என்றார்.

"வாங்க. பூசை எட்டு மணிக்கு."

வாராவாரம் வந்தார். முதல் மாதம் சண்டை போட வந்தார். அப்புறம் எதற்கு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா மட்டும் சனிக்கிழமை மாலையே அவர் வேட்டியைத் தேய்த்து வைத்துவிடுவாள்.

நான்காவது வருடம் சாமியாருக்குச் சிக்குன்குனியா வந்து சில வாரம் நடக்க முடியாமல் போயிற்று. அதனால் கணக்கு பின்தங்கியது. மாற்றல் ஆணை வந்த அன்றைக்கு டின்னில் பதினோரு சீட்டு மீதி. இரண்டு வாரம்தான் இருந்தது. ஒரே நாளில் பதினோரு வீட்டையும் முடித்துவிடலாம், ஐந்தைந்து நிமிடம் போதும், நான் காரில் கூட்டிப் போகிறேன் என்று சவரிமுத்து அண்ணன் கெஞ்சினார். ஏனென்றால் நான்கு வருடமாக அவர் சீட்டு வரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைச் சட்டையில் முதல் படியில் நின்றிருக்கிறார். யார் யார் பெயரோ வந்திருக்கிறது, கருப்பையா பெயர் வந்திருக்கிறது, அவர் பெயர் இல்லை.

"அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போறது வந்த மாதிரி ஆகாதுண்ணே" என்றார் சாமியார்.

வாரத்துக்கு இரண்டாக நான்கு வீடு முடித்தார். கடைசி ஞாயிறு பிரசங்கத்தில், "நான் உங்களுக்குச் சொன்னது மூணு. ஒண்ணை முழுசா முடிக்கல. ஏழு வீடு பாக்கி. அந்த ஏழு வீட்டுக்காரவுகளும் என்னை மன்னிக்கணும்" என்று ஏழு பெயரையும் வாசித்தார். ஏழாவது பெயர் சவரிமுத்து. சவரிமுத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் என் வரிசை வரைக்கும் கேட்டது.

புதிய ஊர் கடற்கரைப் பக்கம், இரண்டரை மணி நேரப் பயணம். அவர் போய் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை சவரிமுத்து அண்ணன் வேன் பிடித்தார். ஏழு வீட்டுக்காரர்களும் ஏறினார்கள். செயலாளர் என்று என்னையும் ஏற்றினார்கள். "சும்மா கடலைப் பாத்துட்டு வரலாம்" என்று அப்பாவும் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சாமியார் கைலியும் பனியனுமாகக் கோவில் வாசலில் மீன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வேனிலிருந்து நாங்கள் இறங்க இறங்க எண்ணினார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

சவரிமுத்து அண்ணன் முன்னால் போய் நின்றார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு. "சாமி, எங்க வீட்டுக்கு வர முடியலேன்னு சொன்னீக. நாங்க வந்துட்டோம். ஏழு வீடு, ஏழு மணி நேரம். இந்த வாரம் ரெண்டுதான்னா சொல்லுங்க, சீட்டெழுதித்தான் கொண்டாந்துருக்கோம்." சட்டைப் பையிலிருந்து ஏழு சீட்டையும் நிஜமாகவே எடுத்தார்.

சாமியார் அந்தச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். "இன்னைக்குத் திங்கக்கிழமைண்ணே. எனக்கு லீவு. லீவு அன்னைக்கு எனக்குக் குறிக்கோளே கிடையாது" என்றார். மீன்காரரைக் கூப்பிட்டுக் கூடையை மொத்தமாக இறக்கச் சொன்னார்.

அன்றைக்குப் பொழுது முழுக்க அவரோடு இருந்தோம். பெண்கள் மீன் கழுவினார்கள், அவர் அடுப்பு பற்ற வைத்தார். அப்பாவும் அவரும் சேர்ந்து பாத்திரம் சுமந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சவரிமுத்து அண்ணனும் அவரும் பூவரச மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் முதலில் கைகளை மடியில் வைத்து நிமிர்ந்துதான் இருந்தார். அப்புறம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அப்புறம் எதையோ சொல்லத் தொடங்கினார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. சாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தது. டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்தார். சவரிமுத்து அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.